வாதத்தின் உயிர்நிலை

பரீட்சைத் தாளிலே ஒரு பந்தி கொடுக்கப்படுகின்றது. எட்டு வரி, மிஞ்சினால் பத்து வரி. அதன் கீழே ஒரு வினா: ‘இவ்வாதத்தின் பிரதான கருத்து யாது?’ அதற்கும் கீழே நான்கு விடைகள். ஆசிரியர் சேவைக்கும் நிருவாக சேவைக்கும் போட்டியிடுவோர் இத்தகைய வினாவைப் பல வடிவங்களில் சந்திக்கின்றனர். உயர்தர வகுப்பில் அளவையியலும் விஞ்ஞான முறையும் பயில்வோர் எடுகூற்று, முடிவு என்ற பெயர்களால் இதனையே பயில்கின்றனர். அமெரிக்காவில் சட்டக் கல்லூரி புக விரும்புவோருக்கு 1948 முதல் நடத்தப்பட்டுவரும் எல்சாட் என்னும் பரீட்சையில் இன்றும் இவ்வகை வினா தவறாமல் இடம்பெறுகின்றது.

வினா சிறியது, எளியது போலவும் தோன்றுவது. ஆயினும் ஹட்டன், கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவைப் பகுதிகளில் மாணவரைப் போட்டிப் பரீட்சைகளுக்குத் தயார் செய்யும் ஆசிரியர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். பொது அறிவில் இடறாத மாணவன் இங்கே இடறுகின்றான். பந்தியில் எந்த வாக்கியம் உண்மையானதோ அதனைத் தெரிகின்றான்; அல்லது எது தனக்குப் பிடித்ததோ அதனைத் தெரிகின்றான்; அல்லது கடைசி வாக்கியமே முடிவாக இருக்கும் என்று நம்பி அதனைத் தெரிகின்றான். மூன்றும் பிழை.

இது வெறும் பரீட்சைப் பிழையா? நாம் அவ்வாறு கருதவில்லை. ஒருவன் என்ன சொல்ல வருகின்றான் என்பதைச் சரியாக அறிவது முதலாவதாக நீதி பற்றிய விடயம். இரண்டாவதாகத் தற்காப்புப் பற்றிய விடயம். வாதங்களின் பெயரால் வாக்கையும் குடியுரிமையையும் இழந்த ஒரு மக்கட்கூட்டத்தின் பிள்ளைகளுக்கு அது மூன்றாவதாக ஒரு வரலாற்றுக் கடனும் ஆகும். இம்மூன்றையும் இங்கே ஆராய முற்படுகின்றோம்.

மலையும் புகையும்

பிரதான கருத்து என்பது யாது? அது பந்தியின் பொருள் அன்று. ‘இப்பந்தி தேயிலையைப் பற்றியது’ என்பது பொருளைச் சொல்கின்றது. தேயிலையைப் பற்றி என்ன என்பதைச் சொல்லவில்லை. அது பந்தியிலுள்ள மிக முக்கியமான செய்தியும் அன்று. மற்ற வாக்கியங்கள் எதனை நிலைநாட்டுவதற்காக அங்கே வந்து நிற்கின்றனவோ, தான் வேறொன்றை நிலைநாட்டுவதற்காக எது நிற்கவில்லையோ, அதுவே பிரதான கருத்து. சுருங்கக் கூறின், எல்லாக் காரணங்களும் சென்று சேருமிடம்.

தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை உபதேசிக்கும்போது பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புகள் பேசப்படுகின்றன. காட்டு நாம் நன்கறிந்ததே. இம்மலையில் நெருப்பு உண்டு. ஏனெனில் புகை உண்டு. புகையுள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதற்கு அடுக்களை சான்று. இம்மலையிலும் புகை இருக்கின்றது. ஆகவே இங்கே நெருப்பு உண்டு. இந்த ஐந்துறுப்பு வாதத்தில் நிலைநாட்ட வேண்டியது எதுவோ அது முதலிலும் வருகின்றது, முடிவிலும் வருகின்றது. கேட்பவன் ஏமாற வழியில்லை. தான் எங்கே அழைத்துச் செல்லப்படுகின்றான் என்பதைப் புறப்படும்போதே அறிவான். சேர்ந்த பின்னரும் ஒருமுறை அறிவான். தர்க்க நூலார் இதனை ஒரு சடங்காக வைக்கவில்லை. கேட்பவனுக்குச் செய்யும் மரியாதையாக வைத்தனர் என்றே நாம் கொள்கின்றோம்.

அன்றாட உலகில் இந்த மரியாதை கிடைப்பதில்லை. பத்திரிகைத் தலையங்கத்திலும் அமைச்சர் அறிக்கையிலும் கம்பனிகளின் விளக்கக் கடிதத்திலும் பிரதான கருத்து ஒரே முறை சொல்லப்படும். சில வேளைகளில் நடுவிலே, அதிக ஓசையின்றிச் சொல்லப்படும். சில வேளைகளில் சொல்லாமலே விடப்படும். தமிழ் வாக்கிய அமைப்பும் இதற்கு இடந்தருகின்றது. ‘ஆதலால்’ என்பது காரணத்தை முன்னே வைத்து முடிவைப் பின்னே தள்ளும். ‘ஏனெனில்’ என்பது முடிவை முன்னே நிறுத்திக் காரணத்தைப் பின்னே கொணரும். ‘ஆயினும்’ என்ற சொல்லுக்கு முன்னே நிற்பது பெரும்பாலும் எதிராளிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது; பின்னே நிற்பதே பேசுபவனுக்குச் சொந்தமானது. இச்சொற்களைக் கண்ணால் தேடுவது பயன்படும், ஆனால் போதாது. உறுதியான வழி ஒன்றே. ஐயத்துக்குரிய இரண்டு வாக்கியங்களை எடுத்து, ‘எதற்கு எது காரணம்?’ என்று கேட்க வேண்டும். ஒன்றைச் சொல்லி ‘ஏன்?’ என்று வினவும்போது மற்றது விடையாக வருமாயின், முதலாவதே மேலானது.

ஒரு பந்தியை ஆராய்தல்

எடுத்துக்காட்டு ஒன்றை நாமே எழுதிக் கொள்வோம். இது எவருடைய கூற்றும் அன்று. ஆயினும் மலையகத்தில் கடந்த பல ஆண்டுகளாகப் பல வாய்களில் கேட்கும் வாதத்தின் வடிவம் இது:

‘தேயிலையின் விலையை நாம் நிர்ணயிப்பதில்லை, உலகச் சந்தையே நிர்ணயிக்கின்றது. தொழிலாளரின் வாழ்க்கைச் செலவு உயர்ந்துள்ளது என்பது உண்மையே. ஆயினும் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலியாகவே செல்கின்றது. நாட்கூலி முறையில், கொய்த கொழுந்து எவ்வளவாயினும் கூலி ஒன்றே. ஆதலால் தோட்டங்கள் நட்டத்தில் நடக்கின்றன. நாட்கூலியைக் கைவிட்டு, கொய்யும் கொழுந்தின் நிறைக்கு ஏற்பக் கூலி வழங்குவதே தக்க வழி. அம்முறையில் திறமையுள்ள தொழிலாளி இன்று பெறுவதினும் கூடுதலாகப் பெறுவார்.’

இதன் பிரதான கருத்து எது? வாழ்க்கைச் செலவு உயர்ந்துள்ளது என்பதா? அது உண்மை, ஆனால் விட்டுக்கொடுக்கப்பட்ட உண்மை. தோட்டங்கள் நட்டத்தில் நடக்கின்றன என்பதா? ‘ஆதலால்’ என்ற சொல் அதற்கு முன்னே நிற்பதால் மாணவர் பலர் இதனையே தெரிவர். இது ஒரு முடிவுதான், ஆனால் இடைமுடிவு. நட்டம் என்பதை இவ்வாதி நிலைநாட்டுவது அதனோடு நின்றுவிடுவதற்காக அன்று. அதன்மேல் ஏறி நின்று இன்னொன்றைப் பறிப்பதற்காக. திறமையுள்ள தொழிலாளி கூடுதலாகப் பெறுவார் என்பதா? அது கடைசி வாக்கியம். அதுவும் ஒரு காரணமே. நாட்கூலியைக் கைவிட வேண்டும் என்பதே இப்பந்தியின் பிரதான கருத்து. அதற்கு முன்னே அடையாளச் சொல் எதுவும் இல்லை. அது முதலிலும் இல்லை, ஈற்றிலும் இல்லை. மற்ற எல்லா வாக்கியங்களும் அதனைத் தாங்கி நிற்கின்றன; அது எதனையும் தாங்கவில்லை.

இதனைக் கண்டறிவதால் என்ன பயன்? மேடையிலே நாம் கேட்டுவரும் மறுமொழிகளை நினைத்துப் பார்ப்போம். ‘நட்டம் என்பது பொய்’ என்று ஒருவர் முழங்குகின்றார். ‘இந்நாட்டின் முதுகெலும்பே நாம்தான்’ என்று மற்றொருவர் முழங்குகின்றார். கைதட்டல் எழுகின்றது. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாட்கூலி வேண்டுமா, கிலோக் கூலி வேண்டுமா என்ற கேள்விக்கு இரண்டும் விடையல்ல. நட்டமா இலாபமா என்ற சண்டையில் நாம் ஈடுபட்டிருக்கும்போது, கேட்பாரற்ற பிரதான கருத்து பின்வாசலால் உள்ளே நுழைந்துவிடுகின்றது.

அதனை நேரே எதிர்கொண்டால் நடப்பது வேறு. கிலோக் கூலி என்ற முடிவைத் தாங்கும் தூண் எது என்று பார்க்கின்றோம். ‘நாட்கூலி முறையில், கொய்த கொழுந்து எவ்வளவாயினும் கூலி ஒன்றே’ என்பதே அது. இங்கே லயத்துப் பிள்ளை எந்தப் பேராசிரியரிலும் மேலான அதிகாரி ஆகிவிடுகின்றாள். அவள் அறிவாள்: தோட்டத்தில் நாளொன்றுக்குக் கொய்ய வேண்டிய கிலோ அளவு ஒன்று விதிக்கப்பட்டிருக்கின்றது, அது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அளவு குறைந்தால் அம்மாவுக்கு அன்று அரைப்பேர்தான் விழும். கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் கணக்கு. எனவே கூலி ஒன்றே என்ற எடுகூற்று பொய். நாட்கூலி என்ற பெயருக்குள்ளே கிலோக் கூலி ஏற்கெனவே பாதி நுழைந்திருக்கின்றது. 2021 மார்ச் மாதத்தில் வேதனச் சபையின் தீர்மானப்படி நாளொன்றுக்கு 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபின், கொய்ய வேண்டிய கிலோ அளவு உயர்த்தப்படுகின்றது என்ற முறைப்பாடு பல தோட்டங்களிலிருந்து எழுந்ததை நாம் மறக்கவில்லை.

இன்னொரு தூணும் உண்டு. அது பந்தியில் எழுதப்படவே இல்லை. கொழுந்தின் நிறை தொழிலாளியின் திறமையையே பொறுத்தது என்ற எண்ணம் அது. அது இல்லாமல் ஈற்று வாக்கியம் நில்லாது. ஆனால் செடியின் வயது, மறுநடுகை, களை, மழை, உரம் ஆகிய யாவும் கொழுந்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் ஒன்றேனும் கொய்பவளின் கையில் இல்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. அத்தடையும் அதனைத் தொடர்ந்த பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து, 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தியை 2022இல் ஏறத்தாழ 250 மில்லியன் கிலோவாக்கின. கொழும்பில் இடப்பட்ட ஓர் ஆணையால் மலையிலே கொழுந்து குறைந்தது. அவ்வாண்டில் முழுக் கிலோக் கூலி நடைமுறையில் இருந்திருக்குமாயின் அக்குறைவை யார் சுமந்திருப்பார்? இதுவே கேட்க வேண்டிய கேள்வி. பிரதான கருத்தைக் கண்டவர்க்கே இக்கேள்வி தோன்றும்.

அனுபவம் தொழிலாளியின் பிள்ளைக்கு நிறைய உண்டு. அந்த அனுபவத்தை எந்த இடத்தில் வைத்து அழுத்த வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுப்பது அளவையியல்.

சொல்பவன் யார் என்ற கேள்வி

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நம்மை நோக்கியே ஒரு சொல் கூற வேண்டியிருக்கின்றது. ‘கம்பனிக்காரன் சொல்கின்றான், அவனுடைய பிரதான கருத்து இலாபமே, இதில் ஆராய என்ன இருக்கின்றது?’ என்று நம்மில் சிலர் கேட்பர். இது கூர்மையான பேச்சுப் போலத் தோன்றும். ஆனால் இலாபம் என்பது அவனுடைய நோக்கமாகலாம். அவனுடைய வாதத்தின் முடிவு அன்று. நோக்கம் வேறு, முடிவு வேறு. கெட்ட நோக்கத்தோடு சரியான வாதத்தைச் சொல்பவரும் உண்டு. நல்ல நோக்கத்தோடு பிழையான வாதத்தைச் சொல்பவரும் உண்டு. இரண்டாமவர் பெரும்பாலும் நமது அணியிலேயே இருப்பார்; அவரை மறுக்க வேண்டி வரும்போது ‘யார் சொன்னது?’ என்ற ஆயுதம் நமக்குப் பயன்படாது.

கார்ல் மார்க்ஸின் வாழ்விலிருந்தே இதற்குச் சான்று காட்டலாம். 1865இல் இலண்டனில், சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்சபையில், ஜோன் வெஸ்டன் என்பார் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். கூலி உயர்வால் தொழிலாளருக்குப் பயனில்லை. ஆதலால் கூலி உயர்வுக்காகப் போராடும் தொழிற்சங்கங்களின் முயற்சி தீங்கானது என்பது அதன் சாரம். வெஸ்டன் முதலாளி அல்லர். தச்சுத் தொழிலாளி, ஓவனின் கொள்கை வழி வந்தவர், சபையில் சக தோழர். வர்க்கத்தைச் சுட்டிக்காட்டி அவரை வாயடைக்க வழியில்லை. மார்க்ஸ் என்ன செய்தார்? வெஸ்டனின் நீண்ட பேச்சை எடுத்து, அது இரண்டு எடுகூற்றுகளின்மேல் நிற்கின்றது என்று காட்டினார்: நாட்டின் உற்பத்தி ஒரு மாறாத அளவு என்பது ஒன்று, உண்மைக் கூலியின் மொத்தமும் மாறாத அளவு என்பது மற்றொன்று. பின்னர் அந்த இரண்டையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து மறுத்தார். ‘கூலி, விலை, இலாபம்’ என்று நமக்கு அறிமுகமான சிறு நூல் அதுவே. எதிராளியின் வாதத்தை அவரைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டே மறுக்கத் தொடங்குவது அங்கே ஒரு பண்பு மட்டுமன்று. மறுப்பின் முதற்படியும் அதுவே.

நம் மரபிலும் இந்நெறி உண்டு. அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்தார். பிறர் கொள்கையைக் கூறி மறுப்பது முதற்பகுதி. தம் கொள்கையை நிறுவுவது பிற்பகுதி. அவருடைய சமயம் நமக்கு இங்கே பொருளன்று. பிறர் சொல்வதைச் சொல்லாமல் தன் பக்கத்துக்கு வர உரிமையில்லை என்ற அந்த ஒழுங்கே நமக்குப் பொருள். எதிராளியின் கருத்தைத் திரித்துக் கூறி வென்றவன் அக்கருத்தை வெல்லவில்லை. தான் புனைந்த பொம்மையையே வென்றான். பொம்மை விழுந்த பின்னும் கருத்து அப்படியே நிற்கும். நாளை வேறொரு வாயால் பேசும்.

ஆகவே ‘என்ன சொல்கின்றான்?’ என்பது முதற்கேள்வி. ‘ஏன் சொல்கின்றான்?’ என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்வியை நாம் கைவிடச் சொல்லவில்லை. முதலாவதன் இடத்தில் அதனை உட்கார வைக்கக்கூடாது என்கின்றோம்.

ஒரு சட்டத்தின் பிரதான கருத்து

இனி, இவ்வினா ஒருமுறை பரீட்சைத் தாளில் அன்றி நீதிமன்றத்திலே கேட்கப்பட்டதை நோக்குவோம். அதன் விடையில் மலையகத் தமிழரின் வாழ்வு தங்கியிருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் பிரஜையாவதற்குப் போதாது என்றது. தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவில் பிறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, பிரஜைகளுக்கே வாக்குரிமை என்றாயிற்று. இரண்டு சட்டங்களிலும் தோட்டத் தொழிலாளர் என்ற சொல் இல்லை. இந்தியத் தமிழர் என்ற சொல்லும் இல்லை. ஆனால் பாட்டன் கடல் கடந்து வந்தவன். பலருக்குத் தந்தையின் பிறப்புக்கும் தாள் இல்லை. 1947 தேர்தலில் வாக்களித்த மக்கள் அடுத்த பொதுத் தேர்தலில் வாக்காளர் இடாப்பில் பெரும்பாலும் காணப்படவில்லை.

கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த கோடக்கன் பிள்ளை என்பார் தமது பெயரை இடாப்பில் சேர்க்க மறுத்ததை எதிர்த்தார். அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவர்க்கு மட்டும் பிற சமூகத்தவர்க்கு இல்லாத இடையூறுகளை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று தடுத்திருந்தது. இச்சட்டங்கள் அத்தடையை மீறுகின்றன என்பதே அவர் வாதம். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சில் உயர் நீதிமன்றத்தின் முடிவையே உறுதி செய்தது.

பிரிவி கவுன்சில் எடுத்துக்கொண்ட வினா யாது? இச்சட்டத்தின் சாரமும் உட்பொருளும் யாது என்பதே. இது பிரஜைகள் யார் என்று வகுக்கும் சட்டமா? அல்லது பிரஜாவுரிமை என்ற போர்வைக்குள் ஒரு சமூகத்துக்கு இடையூறு விளைக்கும் சட்டமா? நேர்வழியில் செய்யக்கூடாததை மறைவழியில் செய்யவும் ஒரு சட்டசபைக்கு உரிமை இல்லை என்ற கொள்கையை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் தன் பிரஜைகள் யார் என்று வகுப்பது எந்த நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான பணி என்றனர். இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கென 1949இல் இயற்றப்பட்ட 3ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் சான்றாகக் கொண்டனர்: இத்தீவோடு போதிய தொடர்புடைய இந்தியத் தமிழருக்கு அது வழி திறந்திருக்கின்றது, ஆகவே அவர்களைத் தடுப்பது சட்டசபையின் எண்ணமன்று என்பது அவர்கள் கண்ட முடிவு.

பரீட்சைத் தாளின் விதிப்படி பார்த்தால் இது தகாத வாசிப்பு என்று சொல்லிவிட முடியாது. தாளில் உள்ளதை வைத்தே விடை காண வேண்டும் என்பது அங்கே விதி. தாளில் பிரஜாவுரிமை இருந்தது, தமிழர் இருக்கவில்லை. இரண்டாவது தாளில் வழியும் இருந்தது. ஆனால் அவ்வழியின் அகலம் எவ்வளவு? 1946 ஜனவரி முதலாந்திகதிக்கு முன்னர் மணமானவர்க்கு ஏழாண்டு, மற்றவர்க்குப் பத்தாண்டு இடையறாது இங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஈற்றில் ஏறத்தாழ 134,000 பேரே ஏற்கப்பட்டனர். 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றோர் என்ற நிலையை முற்றாக அகற்றுவதற்கென இன்னொரு சட்டம் 2003இல் வரவேண்டியிருந்தது. முதற்சட்டத்துக்கும் அதற்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இதிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறலாம். ஒன்றைப் பெற்று மற்றொன்றை விடலாகாது. ஒரு கூற்றின் முடிவு வேறு, அக்கூற்று உலகில் செய்யும் வேலை வேறு என்பது முதற்பாடம். பந்தியை வாசிக்கும்போது பந்திக்குள் நிற்பது நல்ல விதி. ஆனால் வாசித்தபின் செயற்படும்போதும் பந்திக்குள்ளேயே நிற்பது நீதியாகாது. மறைந்திருக்கும் முடிவு ஒன்று உண்டு என்று சொல்பவன் அதனை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவன் என்பது இரண்டாவது பாடம். ‘இதன் உள்நோக்கம் நமக்குத் தெரியாதா?’ என்ற பேச்சு மெய்ப்பு ஆகாது. யாரை விலக்கிற்று, எத்தனை பேரை விலக்கிற்று, அவ்வளவு பேரும் ஒரே சமூகத்தவராக இருந்தது தற்செயலா என்று எண்ணிக்கையோடு கேட்பதே மெய்ப்பு. தோட்ட மக்களின் வழக்கு வலிமையுற்றது இத்தகைய கணக்குகளாலேயே, ஆத்திரத்தால் அன்று.

பரீட்சையே ஒரு சல்லடை அன்றோ?

இனி ஓர் ஆட்சேபத்தைக் கருதுவோம். அது நியாயமான ஆட்சேபம். நம் வாசகர்களுள் ஆசிரியராய் இருப்போர் பலரின் மனத்தில் உள்ளது. இப்பரீட்சைகள் பலரை வெளியே தள்ளிச் சிலரை உள்ளே எடுப்பதற்காக ஏற்பட்டவை. பந்தியை எழுதுபவன் நகரத்தவன்; அதன் பொருள் விமான நிலையமோ பேரங்காடியோ ஆக இருக்கும். வீட்டிலே புத்தகம் இல்லாத, லயத்தின் ஒரே அறையில் படிக்கும் பிள்ளையின் அறிவை அது அளக்கவில்லை. அப்பிள்ளையின் வறுமையையே அளக்கின்றது. பிரதான கருத்து எது என்பதையும் வினாத்தாள் எழுதியவனே தீர்மானிக்கின்றான். அவ்வாறிருக்க, இத்திறனை உயர்த்திப் பேசுவது சல்லடையைப் புகழ்வதாகாதா?

ஆட்சேபத்தின் முற்பகுதியை நாம் முழுமையாக ஏற்கின்றோம். பரீட்சைகள் திருந்த வேண்டும். மலையகப் பாடசாலைகளில் அளவையியல் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். பந்திகள் பிள்ளை அறிந்த உலகத்திலிருந்தும் வரவேண்டும். ஆனால் அதிலிருந்து இறுதி முடிவு வரவில்லை. தராசு கடைக்காரன் கையில் இருக்கின்றது என்பதால் நிறுக்கக் கற்பது வீண் என்று யாரும் சொல்வதில்லை. கொழுந்து நிறுக்கும் தராசை வாசிக்கத் தெரியாத காலத்திலே என்ன நடந்தது என்பதை நம் பாட்டிமார் நன்கறிவர். தராசை வாசிக்கக் கற்றபின்தான் ‘கிலோ குறைகின்றது’ என்று சொல்ல வாய் எழுந்தது. வாதத்தை வாசிப்பதும் அத்தகையதே.

தோட்டத்தின் பேச்சு வழக்கை எண்ணிப் பார்த்தால் இத்திறனின் தேவை இன்னும் விளங்கும். காலையிலே பிரட்டுக்களத்தில் முடிவு மட்டும் அறிவிக்கப்படும்: இன்று இந்த மலை, இத்தனை கிலோ. காரணம் சொல்லப்படுவதில்லை, கேட்கப்படுவதும் இல்லை. தேர்தல் மேடையிலோ நிலைமை தலைகீழ். அங்கே காரணம் போல ஒலிப்பவை ஏராளம்: நமது இனம், நமது இரத்தம், நமது தியாகம். ஆனால் ஆகவே என்ன செய்யப்போகின்றீர்கள் என்ற முடிவு கிடையாது. காரணம் இல்லாத முடிவுக்குக் கீழ்ப்படிந்தும், முடிவு இல்லாத காரணத்துக்குக் கைதட்டியும் பழகிய சமூகத்தில், இரண்டையும் சேர்த்துக் கேட்கும் ஒரு தலைமுறை தோன்றுவது சிறிய மாற்றமன்று. 1930களில் கோ. நடேசய்யர் ஹட்டனை நடுவாகக் கொண்டு தொழிலாளரிடையே பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் பரப்பியபோது, மீனாட்சி அம்மாள் அதே செய்தியைப் பாட்டாகப் பாடிச் சென்றபோது, அவர்கள் செய்ததும் இதுவே. உத்தரவைக் கேட்டுப் பழகிய காதுகளுக்குக் காரணத்தைக் கேட்கக் கற்பித்தனர்.

வகுப்பறையில் செய்யத்தக்கன

ஆசிரியர்களுக்கு நாம் சில சொல்லத் துணிகின்றோம். விடைப் புத்தகத்தை மனனம் செய்வித்து மாணவனைக் களைப்படையச் செய்வதில் பயன் குறைவு. வாரத்துக்கு ஒரு பத்திரிகைத் தலையங்கத்தை வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். மாணவர் அதன் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதட்டும். எழுதியதைத் தலையங்கக்காரன் வாசித்தால் ‘ஆம், நான் சொன்னது இதுவே’ என்று ஒப்புவானா என்று கேளுங்கள். ஒப்பமாட்டான் எனின் திரும்ப எழுதட்டும். பின்னர் ‘ஏன்?’ என்று கேட்டு எடுகூற்றுகளை வரிசைப்படுத்தட்டும். எதை நீக்கினால் வாதம் சாயும், எதை நீக்கினாலும் சாயாது என்று பார்க்கட்டும். சொல்லாமல் விடப்பட்ட எடுகூற்று எது என்று தேடட்டும். ஏற்பதா மறுப்பதா என்ற பேச்சு இத்தனைக்கும் பின்னரே.

அடுத்த வாரம், நாம் மதிக்கும் தலைவர் ஒருவரின் உரையை எடுத்து அதே முறையில் ஆராயுங்கள். இது முதலாவதைவிடக் கடினம், முதலாவதைவிட அவசியம். எதிரியின் வாதத்தில் ஓட்டை காண்பது எளிது. நம் பக்கத்து உரையில் முடிவே இல்லை என்று காண்பதற்கு நேர்மை வேண்டும். அந்த நேர்மை இல்லாதவன் பரீட்சையில் முதற்புள்ளி பெறலாம். அவன் வாசிக்கக் கற்றவன் ஆகான்.

நமது வாதத்தையும் இதே முறைக்கு உட்படுத்துவதே முறை. ‘இக்கட்டுரையின் பிரதான கருத்து யாது?’ என்று ஒரு மாணவன் வினவினால், பரீட்சை முக்கியம் என்பது விடையன்று. கம்பனிகளின் வாதம் பிழை என்பதும் விடையன்று. நீதிமன்றம் மக்களைக் கைவிட்டது என்பதும் விடையன்று. அவை எடுத்துக்காட்டுகள், இடைமுடிவுகள். பிறர் கூறுவதன் முடிவைப் பழுதறக் கண்டு, அதனை ஒளியாமல் எடுத்துரைத்து, அதற்கே விடையிறுப்பது ஒவ்வொருவருக்கும் கடமை. பேசப்படும் பொருளாக மட்டும் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்த மக்களுக்கு அது உரிமையும் ஆகும் என்பதே நமது முடிவு. இதனை ஏற்காதோர் இதற்கு நாம் தந்த காரணங்களைத் தேடி எடுத்து மறுப்பாராக.